காகக்காலும் வே.சி.யும்

அன்பின் ஐயா,

அம்மம்மாவின் குசினிப் பரணை ஒதுக்கும்போது இரண்டு நீள்சதுர அலுமினியப் பெட்டிகள் கிடைத்தன. ஒன்றுக்குள் மற்றது இறங்கும், கைபிடி மடங்கும். கைபிடிப் பக்கம் காகத்தின் கால் போல ஒரு அடையாளம், பக்கத்தில் 1943. அடியில் புள்ளி புள்ளியாக ‘வே.சி.’ என்று வெட்டியிருக்கிறது. அது யார் என்று அம்மாவுக்குத் தெரியாது. கூடவே மூடியில்லாத ஒரு நீலப் போத்தல். எல்லாம் ஜப்பான்காரன் சாமான் என்கிறார் அம்மா. 1995 போர் இடப்பெயர்வில் தென்மராட்சிக்குச் சீனியும் தேயிலையும் அந்தப் பெட்டிக்குள்தான் போனதாம். கொழும்பில் பழைய சாமான் சேர்க்கும் ஒருவர், தமிழ் எழுத்தை அராவி மினுக்கினால் நல்ல விலை போகும் என்கிறார். செய்யலாமா?

வாசகர், தெல்லிப்பழை

அன்பின் தம்பி,

அரத்தைக் கையில் எடுத்திருந்தால் முதலில் கீழே வையுங்கள்.

ஜப்பான் கதையை முடித்துவிடுவோம். 1942 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும் 9ஆம் திகதி திருகோணமலையிலும் குண்டு போட்டவர்கள் ஆகாயத்தால் வந்து ஆகாயத்தாலேயே போனார்கள். சோற்றுப்பெட்டியை விட்டுப்போக அவர்களுடைய படை இங்கே இறங்கவேயில்லை. உங்கள் பெட்டிகள் சிப்பாய்களின் சோற்றுப்பெட்டிகள்தான், ஆனால் அந்தக் காகக்கால் பிரித்தானிய அரசின் அம்புக்குறி. அரசாங்கச் சொத்து என்று அர்த்தம். அம்பு தனியே நின்றால் பிரித்தானியா. ஆங்கில ‘சி’ எழுத்துக்குள் நின்றால் கனடா. இரண்டு ‘டி’களுக்கு நடுவில் என்றால் அவுஸ்திரேலியா. போர்க்காலத்தில் பலாலி விமானத்தளத்தை அமைத்ததும் பிரித்தானிய விமானப்படைதான். தெல்லிப்பழைக்கு அது சைக்கிள் தூரம்.

வடிவத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது. பிரித்தானிய மரபில் வந்த படைகள் இந்த நீள்சதுரப் பெட்டியைப் பிறகும் விடவில்லை. அதனால் அம்பையும் ஆண்டையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். பழைய பொருளில் புதிதாக ஆண்டு குத்தி விற்பவர்களும் உண்டு. அதற்கு ஒரு சின்ன வழி: வெயிலில் சரித்துப் பிடியுங்கள். பழைய முத்திரை என்றால் பாவித்த கீறல்கள் எழுத்தின் மேலாலும் ஓடியிருக்கும். கீறல்களை வெட்டிக்கொண்டு எழுத்து நின்றால் சந்தேகப்படுங்கள்.

நீலப் போத்தல் சிப்பாயின் தண்ணீர்ப் போத்தல், இரும்புத் தகட்டில் எனாமல் பூசியது. இடுப்போடு ஒட்டிக் கிடக்க ஒரு பக்கம் வளைந்திருக்கும். அந்தக் காலத்தில் அதன்மேல் காக்கிக் கம்பளி உறை தைத்திருந்தது, வாயில் கயிறு கட்டிய தக்கை. கம்பளியை நனைத்துவிட்டால் ஈரம் காயக் காய உள்ளே தண்ணீர் குளிரும். நம்முடைய மண்பானை செய்கிற அதே வேலை. அமெரிக்கப் படையின் போத்தல் என்றால் பெரும்பாலும் அலுமினியம் அல்லது துருப்பிடிக்காத உருக்கு, சங்கிலியில் தொங்கும் திருகுமூடி. உங்களுடையதில் எனாமல் பெயர்ந்து துரு தெரிந்தால் அலமாரியில் வைத்துப் பாருங்கள், தண்ணீர் குடிக்கவேண்டாம்.

கழுவுவது என்றால் இளஞ்சூட்டுத் தண்ணீர், கொஞ்சம் சவர்க்காரம், மெல்லிய துணி. சாம்பலும் புளியும் பித்தளைக்குச் சரி, அலுமினியத்தை அரித்துவிடும். நான் பட்டு அறிந்தவன். பழைய சாமான் சேர்க்கத் தொடங்கின காலத்தில் ஒரு பெட்டியை மெசினில் கொடுத்துக் கண்ணாடி போல மினுக்கி எடுத்தேன். பிறகு பழைய படத்தை எடுத்துப் பார்த்தால், மூடியில் ஒரு சிப்பாய் ஆணியால் கீறிவைத்த இலக்கம் இருந்திருக்கிறது. அந்த ஆளை நானே அழித்துவிட்டேன்.

சரி, வே.சி.க்கு வருவோம். கலியாணவீட்டுக்கும் செத்தவீட்டுக்கும் அயலெல்லாம் பாத்திரம் இரவல் போகும். சரியான வீட்டுக்குத் திரும்பி வரத்தான் உளியால் பெயர் வெட்டினார்கள். அரசாங்கம் அம்பு குத்தியதும் இதே பயத்தில்தானே? அம்புள்ள பெட்டி உலகம் முழுக்க ஆயிரக்கணக்கில் கிடக்கிறது. பலாலிப் பக்கத்துக் குசினியில் பெயர் வாங்கி, 95இல் சீனி சுமந்து, திரும்பி வந்தது உங்களிடம்தான் இருக்கிறது. கொழும்புக்காரருக்கு அது குறையென்றால் அவர் வேறு பெட்டி தேடட்டும்.

சேர்க்கும் ஆசை வந்துவிட்டால் பழைய இரும்புக் கடைகளிலும் உறவினர் வீட்டுப் பரண்களிலும் தேடுங்கள். விடுபட்ட வளவுகளில் மட்டும் மண்ணைக் கிண்டவேண்டாம். நம்முடைய மண்ணுக்குள் போத்தல் மட்டும் கிடக்கவில்லை, மிதிவெடியும் கிடக்கலாம்.

ஊரில் எண்பது தாண்டிய பெரியம்மா, மாமி யாராவது இருந்தால் பெட்டியைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அம்மாவுக்குத் தெரியாத வே.சி. அவர்களுக்குத் தெரிந்திருக்கலாம். பெயர் கிடைத்தால் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிச் சின்னப் பெட்டிக்குள் போட்டுவையுங்கள். எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.