ஸ்கோலியோசிஸ் ஆபரேஷனுக்குப் பிறகு பெல்ட் போட வேண்டுமா?

14 வயது மகளுக்கு முதுகு வளைவை நிமிர்த்தி ராடு வைத்தாயிற்று, சர்ஜன் பெல்ட் சொல்லவில்லை, நாமே கடையில் வாங்கிப் போட்டுவிடலாமா என்பது உங்கள் கேள்வி. வேண்டாம்.

1960களின் ஹாரிங்டன் ராடு மேலும் கீழும் கொக்கியில்தான் நின்றது. அதனால் மாதக்கணக்கில் மாவுக்கட்டு போட்டார்கள். இப்போது பல முதுகெலும்புகளில் பெடிக்கிள் ஸ்குரூ என்ற திருகை இறக்கி, இருபக்கமும் ராடோடு பூட்டிவிடுகிறார்கள். அந்த எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டும்வரை, அதாவது ஏறத்தாழ 6 முதல் 12 மாதம், அதுவே தாங்கும். எலும்பு பலவீனமாக இருந்தாலோ ஸ்குரூ பிடிப்பில் சந்தேகம் இருந்தாலோ சர்ஜனே அளவெடுத்த பிரேஸ் (உடம்பைச் சுற்றித் தாங்கும் கவசம்) எழுதுவார். மெடிக்கல் ஷாப் இடுப்பு பெல்ட் மேல் முதுகைப் பிடிக்கவே பிடிக்காது. திருநெல்வேலி வெயிலில் வியர்வை தேங்கித் தையல் இடம்தான் புண்ணாகும்.

பிரேஸ் எழுதியிருந்தால், உள்ளே சுருக்கமில்லாத பருத்தி பனியன் போட்டு, நனைந்ததும் மாற்றுங்கள். கழற்றி அரை மணி நேரமாகியும் சிவப்புத் தடம் மறையவில்லையா? பிரேஸ் அழுத்துகிறது, செய்தவரிடமே கொடுத்துச் சரிசெய்யுங்கள்.

பெல்ட்டைவிடப் பெரிய விஷயம் எழுந்திருக்கும் விதம். தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பி ஒருக்களிக்க வேண்டும். காலைக் கட்டிலுக்கு வெளியே இறக்கிக்கொண்டே கையை ஊன்றி எழ வேண்டும். தண்ணீர்க் குடம், புத்தக மூட்டை இரண்டும் சர்ஜன் சொல்லும்வரை கூடாது. அம்பாசமுத்திரம், தென்காசிப் பக்கமிருந்து செக்கப்புக்கு பஸ்ஸில் வந்தால் பின் சீட்டில் உட்கார வைக்காதீர்கள், குலுக்கல் அங்கேதான் அதிகம்.

காய்ச்சல், தையலில் நீர்க்கசிவு, கால் மரத்துப்போவது, சிறுநீர் அடைப்பு இவற்றில் எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.