கண்புரை ஆபரேஷனுக்கு எந்த லென்ஸ் வைப்பது நல்லது?

உங்கள் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் என்று முடிவாகிவிட்டது. மோனோஃபோக்கல், மல்டிஃபோக்கல், டோரிக் என்று மருத்துவமனையில் கொடுத்த பட்டியலைப் பார்த்து, விலை கூடினதுதான் நல்ல லென்ஸா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி இல்லை. விலை கூடும்போது லென்ஸ் செய்கிற வேலைதான் மாறுகிறது. பார்வையின் தெளிவும் கூடவே ஏறிக்கொண்டு போகாது. இரண்டு கண்ணிலும் லென்ஸ் வைத்துக்கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன், அம்மா ஒரு நாளில் எந்தெந்தத் தூரத்தில் கண்ணுக்கு வேலை கொடுக்கிறார் என்பதை முதலில் பாருங்கள். லென்ஸின் பெயரெல்லாம் அப்புறம்.

சாதாரண மோனோஃபோக்கல் லென்ஸ் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகக் காட்டும். பெரும்பாலும் தூரப்பார்வைக்குக் கணக்குப் போட்டு வைத்துவிடுவார்கள், படிக்கக் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த ஒரு தூரம் எதுவாக இருக்கலாம் என்பதை நாம் கேட்டு வாங்கலாம். இது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே கிட்டப்பார்வை, மைனஸ் மூன்று. வெளியே போகக் கண்ணாடி வேண்டும், புத்தகத்தை எடுத்தால் கண்ணாடியைக் கழற்றிவிடுவேன். என் தொழில் மெய்ப்புத் திருத்துவது. எல்லாருக்கும் போல எனக்கும் தூரத்துக்கு லென்ஸ் வைத்திருந்தால், வாழ்நாள் முழுக்க வெறுங்கண்ணால் படித்தவன் ஒற்றெழுத்து இருக்கிறதா என்று பார்க்கக்கூடக் கண்ணாடியைத் தேட வேண்டியிருக்கும். டேப்பை எடுத்து, நான் உட்கார்ந்து படிக்கும்போது கண்ணிலிருந்து தாள் எவ்வளவு தூரம் என்று அளந்தேன். 40 செ.மீ. அதை மருத்துவரிடம் சொன்னேன். அப்படியானால் மைனஸ் இரண்டரை மிச்சம் இருக்கிற மாதிரி லென்ஸ் பவரைத் தேர்வு செய்யலாம், அந்த 40 செ.மீ. தூரம் வெறுங்கண்ணுக்கே தெளிவாகத் தெரியும் என்றார். இன்றைக்கும் வெளியே போகக் கண்ணாடி போடுகிறேன், படிக்கும்போது வெறுங்கண்தான். "ஆபரேஷன் பண்ணியும் கண்ணாடியா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது ஒரு குறையே இல்லை.

உங்கள் அம்மாவும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படிக்கிறவர் என்றால் இந்தப் பேச்சைக் கட்டாயம் மருத்துவரிடம் எடுங்கள். அவர் படிக்கிற தூரம், தைக்கிற தூரம், டிவி பார்க்கிற தூரம் எல்லாவற்றையும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொண்டு போங்கள்.

மல்டிஃபோக்கல் லென்ஸ், கண்ணுக்குள் வரும் வெளிச்சத்தைத் தூரத்துக்கும் பக்கத்துக்குமாகப் பங்கு போடுகிறது. கண்ணாடித் தேவை நிஜமாகவே வெகுவாகக் குறையும். என் அக்கா இதைத்தான் வைத்துக்கொண்டார். போனில் வரும் செய்தியைக் கண்ணாடி இல்லாமல் வாசிக்கிறார், அதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் வெளிச்சத்தைப் பங்கு போட்டால் ஒவ்வொரு பங்கும் குறையத்தானே செய்யும்? மங்கலான வெளிச்சத்தில் எழுத்து கொஞ்சம் வெளிறித் தெரிகிறது, இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது. சில மாதங்களில் மூளை பழகிக்கொண்டதால் இப்போது தொந்தரவு குறைவு. அக்கா இரவில் வண்டி ஓட்டுவதில்லை, அவருக்குச் சரி. தினமும் இரவில் ஓட்டுகிறவருக்கு இதை நான் சொல்லமாட்டேன்.

இதைவிட முக்கியம் விழித்திரை. சர்க்கரையால் விழித்திரை பாதித்திருந்தாலோ, நடுப்பகுதியான மாக்குலாவில் தேய்மானம் இருந்தாலோ, கண் அழுத்த நோயால் நரம்பு பாதித்திருந்தாலோ, ஏற்கெனவே குறைந்த பார்வையை மல்டிஃபோக்கல் இன்னும் மங்கலாக்கிவிடும். அதற்கு மோனோஃபோக்கல்தான் பாதுகாப்பு. பணம் கட்டும் முன் விழித்திரையை ஓசிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

டோரிக் என்பது ஆடம்பரம் இல்லை. கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லாதவர்களுக்கு, அதாவது சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்கு, அது உண்மையிலேயே உதவும். ஆனால் கண்ணாடிச் சீட்டில் இருக்கும் சிலிண்டரை வைத்து முடிவு செய்யக்கூடாது. அதில் ஒரு பகுதி, கண்ணில் இயற்கையாக இருந்து இப்போது புரை விழுந்ததால் எடுக்கப்போகிற லென்ஸிலிருந்து வந்ததாக இருக்கலாம். கருவிழியைத் தனியாக அளந்து பார்க்க வேண்டும். டோரிக் லென்ஸ் உள்ளே 10 டிகிரி திரும்பிக்கொண்டாலே பலனில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும், அதனால் சரியான கோணத்தில் வைக்கிற கையும் முக்கியம்.

எந்த லென்ஸாக இருந்தாலும் பவர் தப்பினால் எல்லாம் வீண். 1949-இல் லண்டனில் ஹரோல்ட் ரிட்லி முதன்முதலாகக் கண்ணுக்குள் லென்ஸ் வைத்தபோது, கண் அந்தப் பிளாஸ்டிக்கை ஏற்றுக்கொண்டது. பவர்தான் பெரிதாகத் தப்பி, அந்த நோயாளி கடுமையான கிட்டப்பார்வையோடு வீட்டுக்குப் போனார். இப்போது கண்ணின் நீளத்தை ஒளியால் அளக்கிறார்கள். அதிலும் 1 மி.மீ. பிசகினால் பவர் இரண்டரை அளவுக்கு மாறிவிடும். காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர் மருத்துவர் சொல்லும் காலத்துக்கு முன்கூட்டியே நிறுத்த வேண்டும். கண் வறட்சி இருந்தால் அதைச் சரி செய்துவிட்டு அளப்பது நல்லது. கண்ணாடியைத் தவிர்க்க எப்போதோ லேசிக் என்ற லேசர் சிகிச்சை செய்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள், கணக்குப் போடும் முறையே மாறும்.

லென்ஸ் எந்தப் பொருளால் ஆனது என்பதில் ரொம்ப மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மடித்து உள்ளே வைக்கிற அக்ரிலிக் லென்ஸ்தான் பரவலாக இருக்கிறது. சில வருடம் கழித்து மறுபடி மங்கினால் புரை திரும்பி வந்ததாக அர்த்தமில்லை. லென்ஸுக்குப் பின்னால் உள்ள உறை மங்கியிருக்கும், யாக் லேசரில் சில நிமிடத்தில் சரி செய்துவிடுவார்கள்.

இரண்டு கண்ணுக்கும் ஆபரேஷன் தேவை என்றால், முதல் கண் ஆறி, பவர் நிலைத்ததும் அம்மாவிடம் என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை என்று கேளுங்கள். அவர் சொல்வதை வைத்து இரண்டாவது கண்ணின் கணக்கைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள மருத்துவரால் முடியும்.