கண் பிரஷர் 24 என்றால் கிளாக்கோமாவா? உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கண்ணாடி பவர் பார்க்கப் போன இடத்தில் சீட்டில் "கிளாக்கோமா சந்தேகம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு தேய்ந்து பார்வை குறையும் நோய்தான் கிளாக்கோமா; கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம், அதாவது கண் பிரஷர், கூடினால் அது வரும் ஆபத்து அதிகம். நான் கண் மருத்துவமனையில் கிளாக்கோமா பிரிவில் வேலை பார்க்கும் ஆப்டோமெட்ரிஸ்ட். நோய் இருக்கிறது, இல்லை என்று சொல்ல வேண்டியது டாக்டர். அளந்து கொடுப்பது எங்கள் வேலை, அதனால் அளவுகளைப் பற்றி என்னால் பேச முடியும்.

அக்கா, வயது 41. கண்ணாடிக் கடையில் காற்று அடித்துப் பார்த்ததில் வலது 24, இடது 22. 21-ஐத் தாண்டினாலே கிளாக்கோமா என்று படித்தேன். தூக்கமே போச்சு.

முதலில் தூங்குங்கள் தம்பி. காற்று அடிக்கிற மெஷின், யாரை மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்று பிரித்தெடுக்கத்தான். அந்த 'புஸ்' சத்தத்துக்குப் பயந்து இமையை இறுக்கினாலோ, மூச்சைப் பிடித்துக்கொண்டாலோ அளவு ஏறிவிடும். ஆஸ்பத்திரியில் மரத்துப்போகும் சொட்டு விட்டு, மஞ்சள் சாயம் வைத்து, நீல வெளிச்சத்தில் கருவிழியை மெல்லத் தொட்டு அளப்போம். கோல்ட்மேன் முறை என்று பெயர். டாக்டர்கள் பெரும்பாலும் நம்புவது அந்த அளவைத்தான்.

கூடவே கருவிழியின் தடிமனையும் பார்க்கச் சொல்லுங்கள். சராசரி சுமார் 540 மைக்ரான். உங்களுக்கு 600 இருந்தால் மெஷின் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டியிருக்கலாம். கண்ணாடியைத் தவிர்க்க லேசிக் என்ற லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு நேர் எதிர்: கருவிழி மெலிந்திருப்பதால் குறைத்துக் காட்டி ஏமாற்றும்.

சரி, உண்மையிலேயே 24 என்றே வைத்துக்கொள்வோம். பிரஷர் அதிகம், நரம்பு நன்றாக இருக்கிறது என்ற நிலையில் உள்ளவர்களை அமெரிக்காவில் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 2002-இல் வந்த முடிவின்படி, மருந்தே போடாதவர்களில் 5 ஆண்டுக்குள் கிளாக்கோமா வந்தது 9.5 சதவீதம் பேருக்கு. சொட்டு மருந்து போட்டவர்களில் 4.4. அதாவது பத்தில் ஒன்பது பேருக்கு அந்த 5 ஆண்டில் வரவில்லை; மருந்து போட்டால் ஆபத்து பாதியாகிறது. உங்களுக்கு மருந்து வேண்டுமா, பார்த்துக்கொண்டே இருந்தால் போதுமா என்பது வயது, தடிமன், நரம்பு எல்லாவற்றையும் சேர்த்து டாக்டர் எடுக்க வேண்டிய முடிவு.

எனக்கு பிரஷர் 15தான். ஆனால் 'கப்பிங் 0.6' என்று எழுதியிருக்கிறார்கள். எப்படி?

கண் நரம்பின் முகப்பு ஒரு வட்டம், அதன் நடுவே ஒரு குழி. வட்டத்தில் எவ்வளவு பங்கு குழி என்பதுதான் அந்த 0.6. பிறவியிலேயே வட்டம் பெரிதாக இருப்பவர்களுக்குக் குழியும் பெரிதாகத்தான் இருக்கும், அது நோய் அல்ல. குழியைச் சுற்றியுள்ள விளிம்பு மேலேயோ கீழேயோ தேய்ந்திருக்கிறதா, இரண்டு கண்ணுக்கும் வித்தியாசம் இருக்கிறதா என்பதைத்தான் டாக்டர் பார்ப்பார். பிரஷர் 15 என்பதால் விட்டுவிடவும் முடியாது. நார்மல் பிரஷரிலேயே நரம்பு தேய்கிற வகையும் உண்டு. நரம்பு இழைகளின் தடிமனை அளக்கும் ஓசிடி ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: மைனஸ் பவர் அதிகம் உள்ளவர்களுக்கு அந்த ரிப்போர்ட்டில் 'வழக்கத்தைவிட மெலிவு' என்று காட்டும் சிவப்பு வருவது சகஜம். சிவப்பைப் பார்த்ததும் பதற வேண்டாம்.

ஃபீல்டு டெஸ்ட்டில் பாதிப் புள்ளிகள் தெரியவே இல்லை. பார்வை போய்விட்டதா?

இந்தப் பயத்தோடு வெளியே வராத ஆளே இல்லை! ஃபீல்டு டெஸ்ட் என்பது சுற்றிலும் எதுவரை பார்வை தெரிகிறது என்று பார்ப்பது. கிண்ணம் மாதிரி குழிந்த திரைக்குள் தலையை வைத்து, நடு விளக்கையே பார்த்துக்கொண்டு, ஓரத்தில் வெளிச்சம் மின்னினால் பட்டனை அழுத்துவீர்கள். நீங்கள் கண்டுபிடிக்கக் கண்டுபிடிக்க மெஷின் வேண்டுமென்றே வெளிச்சத்தை மங்கலாக்கிக்கொண்டே போகும். எங்கே தெரியாமல் போகிறது என்று பார்ப்பதுதான் அதன் நோக்கமே. அதனால் நல்ல கண்ணுக்கும் ஏறக்குறைய பாதி தெரியாது.

முதல் டெஸ்ட் பெரும்பாலும் சொதப்பும், இரண்டாவது தேறிவிடும். இமை தொங்கினால் மேல்பக்கம் கறுப்பாக விழும். அதற்கு நாங்கள் நெற்றியோடு டேப் ஒட்டிவிடுவோம். களைப்பாக இருந்தால் கூச்சப்படாமல் நிறுத்தச் சொல்லுங்கள். பசியோடு மட்டும் வராதீர்கள்.

பார்வை 6/6, ஒரு தொந்தரவும் இல்லை. மறுபடி ஏன் போக வேண்டும்?

6/6 என்பது நடுப்பார்வை. இந்த நோய் பெரும்பாலும் ஓரத்தில் தொடங்கும், கடைசிவரை வலிக்காமலே போகும். சென்னையிலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் நடந்த ஆய்வில், கிளாக்கோமா இருந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் அது இருப்பதே தெரியாமல் இருந்தார்கள். போய்ட்டு வாங்க சார்.

பி.பி. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேன். கண் பிரஷரும் குறையுமா?

இரண்டும் வேறு வேறு. கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேறத் தடை ஏற்பட்டால் ஏறுவது கண் பிரஷர்.

மகனுக்கு கண் அரிப்பு. மெடிக்கலில் ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள், போட்டால் உடனே சரியாகிவிடுகிறது. ஆறு மாதமாகப் போடுகிறோம்.

பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரட்னிசோலோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. இந்தப் பக்கத்தில் வந்த கேள்விகளில் எனக்கு உண்மையாகவே பயம் தந்தது இதுதான். சிலருக்கு ஸ்டீராய்டு சொட்டு கண் பிரஷரைச் சத்தமில்லாமல் ஏற்றி, நரம்பையே தின்றுவிடும். அரிப்பு நின்றதால் நல்ல மருந்து என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். இந்த வாரமே பையனை அழைத்துப் போங்கள், பாட்டிலையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

சந்தேகம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். யோகா தொடரலாமா?

நடை, மூச்சுப்பயிற்சி எல்லாம் தாராளமாகச் செய்யலாம். சிரசாசனத்தை மட்டும் டாக்டர் முடிவு சொல்லும்வரை நிறுத்திவையுங்கள். சென்னையில் யோகா பழகியவர்களிடமே அளந்து பார்த்திருக்கிறார்கள். தலைகீழாக நிற்கும்போது கண் பிரஷர் சுமார் இரண்டு மடங்காகிறது.