கதிர்ச் சிகிச்சை எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடுமா?

கேள்வி: மன்னார்குடி அருகே விவசாயம் செய்யும் என் தந்தைக்குப் பல ஆண்டுகளாக முழங்கை, முழங்கால், முதுகில் சொரியாசிஸ் எனும் செதில் படை இருக்கிறது. தஞ்சாவூர் தோல் மருத்துவர் புற ஊதாக் கதிர்ச் சிகிச்சை எடுக்கச் சொல்கிறார். அந்தக் கதிர் நோய் எதிர்ப்பு செல்களைக் கொன்றுவிடும் என்று படித்தேன். மேலும், நாளெல்லாம் வயல் வெயிலில் நிற்பவருக்குத் தனியாக ஒரு கதிர் எதற்கு?

பதில்: நீங்கள் படித்தது உண்மை, ஆனால் அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. சொரியாசிஸில் தோலுக்குள் குடியேறிய டி செல்கள் எனும் நோய் எதிர்ப்பு செல்கள் காரணமின்றித் தூண்டப்பட்டு, மேல்தோல் செல்களை அளவுமீறிப் பெருக வைக்கின்றன. அந்த டி செல்கள் அழிவதைப் பக்க விளைவு என்று சொல்ல முடியாது. சிகிச்சையின் நோக்கமே அதுதான்.

இதற்குப் பயன்படுவது 311 நானோமீட்டரை ஒட்டிய குறுகிய பட்டைப் புற ஊதா-பி கதிர். செல்லின் டி.என்.ஏ. அதை உறிஞ்சும்போது, அதில் அடுத்தடுத்துள்ள தைமின் எனும் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சேதம் சிறிதாக இருந்தால் செல்லே அதை வெட்டியெடுத்துச் சரிசெய்துகொள்ளும். மிஞ்சிப்போனால் பி53 போன்ற புரதங்கள் தலையிட, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சைட்டோகுரோம்-சி எனும் புரதம் கசிந்து, காஸ்பேஸ் எனும் நொதிகள் ஒன்றையொன்று முடுக்கிவிட்டு, செல்லை உள்ளிருந்தே துண்டாடுகின்றன. செல்லின் மேற்பரப்பில் சாவுச் சமிக்ஞையைப் பெறும் ஃபாஸ் ஏற்பிகளையும் இக்கதிர் திரளச் செய்வதால், வெளியிலிருந்து சமிக்ஞை வராமலேயே அந்த வழியிலும் சாவுக்கான கட்டளை பிறக்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால், செல் சுருங்கி, உட்கரு அடர்ந்த பொட்டாக இறுகி, பின்னர் சவ்வு மூடிய சிறு உருண்டைகளாகப் பிரிவது தெரியும். விழுங்கு செல்கள் அவற்றை அப்புறப்படுத்திவிடுவதால், வெந்து சாகும் செல்லைப் போல இது வீக்கத்தைக் கிளப்புவதில்லை. 1972 முதல் அப்போப்டோசிஸ் என்று வழங்கப்படும் இத்தகைய சாவுக்கு, தோல் செல்களைவிட டி செல்கள் குறைந்த அளவுக் கதிரிலேயே ஆட்படுகின்றன. இச்சிகிச்சை சாத்தியமாவது இந்த வேறுபாட்டால்தான்.

புற ஊதா-பி மேல்தோலையும் அதற்குச் சற்றுக் கீழேயும் மட்டுமே எட்டும். எலும்பு மஜ்ஜை, மண்ணீரல், நிணநீர் முடிச்சுகளில் இருக்கும் செல்களை அது தொடுவதில்லை. தோலின் எதிர்ப்பாற்றல் ஓரளவு தணிவது உண்மையே. கடும் வெயிலுக்குப் பின் சிலருக்கு உதட்டில் அக்கிக் கொப்புளம் வருவதற்கும் அது ஒரு காரணம். எனினும், அளந்து கொடுக்கும் சிகிச்சையால் உடல் முழுவதன் எதிர்ப்புச் சக்தியும் சரிந்துவிடும் என்று கருத வேண்டாம்.

வயல் வெயில் இதற்கு மாற்றாகாது. தரைக்கு வரும் புற ஊதாக் கதிரில் பெரும்பகுதி ஏ வகை. பி வகையோ மணிக்கு மணி மாறும். நடவுக்குக் குனிந்து நிற்பவரின் பிடரியிலும் புறங்கையிலும் வெயில் காய, படை இருக்கும் முதுகு சட்டைக்குள் மறைந்திருக்கும். தோல் வெந்துபோனால் அந்த இடத்திலேயே புதுப் படை கிளம்பவும் கூடும்.

சிகிச்சைக்கு முன், உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மழைக்காலத்தில் எலிக்காய்ச்சலைத் தடுக்கத் தரப்படும் டாக்சிசைக்ளின், இரத்த அழுத்தத்துக்கான சில நீர்ப்பிரிப்பு மாத்திரைகள் ஆகியவை தோலைக் கதிருக்குக் கூசச் செய்யும். கார்போகரிசி அரைத்துப் பூசும் வழக்கம் இருந்தால் உடனே நிறுத்துங்கள். அதிலுள்ள சோராலென் எனும் வேதிப்பொருள், கதிர் பட்டதும் தோலைக் கொப்புளிக்க வைத்துவிடும். லூபஸ் நோயோ முன்பு தோல் புற்றுநோயோ இருந்தவர்களுக்குப் பொதுவாக இச்சிகிச்சையைத் தவிர்ப்போம்.

வாரம் மூன்று முறையாகச் சில மாதங்கள் நீளும் சிகிச்சை இது. ஒவ்வொரு முறையும் கண்களைக் காக்கும் பாதுகாப்புக் கண்ணாடி அணிவது கட்டாயம். குறுவை நடவு நேரத்தில் தஞ்சாவூர் வர இயலாமல் ஒரு வாரத்துக்கு மேல் விட்டுப்போனால், பழைய அளவில் தொடராமல் குறைத்துத் தொடங்க நேரிடும் என்பதால், விடுபட்ட நாட்களை மறைக்காமல் கூறச் சொல்லுங்கள்.