ஆஸ்கர் தொட்டியில் சக்கர் மீன் விடலாமா?

கேள்வி: கொளத்தூரில் வண்ண மீன் வளர்த்து விற்கிறேன். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டியில் ஏழு அங்குல ஆஸ்கர் மீன் இரண்டு இருக்கின்றன. கண்ணாடியில் பாசி படிகிறதே என்று, ஒட்டிக்கொண்டு பாசி சுரண்டும் கெளுத்தி வகையான சக்கரில் இரண்டு அங்குலக் குஞ்சுகள் நாலு விட்டேன். மறுநாள் இரண்டைக் காணோம். ஒன்று கண் இல்லாமல் செத்துக் கிடந்தது. மிச்சம் ஒன்று ஃபில்டருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. இப்போது ஒரு ஆஸ்கர் வாயைத் திறந்தபடியே நிற்கிறது, தீனி எடுக்கவில்லை. பெரிய சக்கராகப் பார்த்து விட்டால் சரிவருமா? பக்கத்துத் தொட்டியில் இருக்கும் ஆப்பிரிக்க சிக்லிட் மீன்களோடும் விடலாமா?

பதில்: முதலில் அந்த ஆஸ்கரைக் கவனியுங்கள் ஐயா. சக்கர் குஞ்சு அதன் தொண்டையில் சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம். சக்கர் மீனின் முதுகுத் துடுப்பிலும் இரு பக்கத் துடுப்புகளிலும் முன்னால் ஒரு கெட்டியான முள் உண்டு. பயந்தால் அந்த முட்களை விரித்துப் பூட்டிக்கொள்ளும். பெரிய மீன் விழுங்கப் பார்த்தால் உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. இரண்டு மீனும் சாகும்.

10 லிட்டர் தொட்டித் தண்ணீரை ஒரு டப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். சுத்தமான கிராம்பு எண்ணெய் 8 சொட்டை ஒரு சின்ன பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீரோடு பால் போல் ஆகும்வரை குலுக்கி அதில் ஊற்றிக் கலக்குங்கள். மீன் மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் பக்கவாட்டில் சாயும். ஈரத்துணியால் பிடித்து, டார்ச் அடித்து வாய்க்குள் பாருங்கள். வால் தெரிந்தால் அப்படியே இழுத்துவிடாதீர்கள், பூட்டிய முள் தொண்டையைக் கிழித்துவிடும். பக்கத்து முட்களை அடியில் சின்ன ஒயர் கட்டரால் நறுக்கிவிட்டு, பிறகு மெதுவாக எடுங்கள். செவுளைத் தொடக்கூடாது. இரண்டு நிமிடத்துக்குள் முடியவில்லை என்றால் காற்றுக்கல் ஓடும் நல்ல தண்ணீரில் விட்டு, மறுநாள் முயலுங்கள். எடுத்த பிறகு இரண்டு நாள் தீனி வேண்டாம். தனித் தொட்டியில் லிட்டருக்கு 1 கிராம் கல்லுப்பு போட்டு வைத்தால் போதும். ஒளிந்திருக்கும் குஞ்சையும் இன்றே வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

இனி பெரிய சக்கர் விஷயம். வாய்க்குள் போகாத அளவு என்பதுதான் முதல் கணக்கு. ஏழு அங்குல ஆஸ்கரோடு விட ஆறு அங்குலத்துக்குக் குறைந்த சக்கர் கூடாது. ஒன்றே ஒன்று போதும், இரண்டு விட்டால் மறைவிடத்துக்காக ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். ஆனால் உங்கள் தொட்டியின் கொள்ளளவை யோசியுங்கள். 9 கன அடி, அதாவது சுமார் 255 லிட்டர். மணலும் மேல் இடைவெளியும் போக 220 லிட்டர்தான் நிற்கும். ஒரு அடி வளரக்கூடிய ஆஸ்கர் இரண்டுக்கே அது நெருக்கடி. கடையில் இரண்டு அங்குலத்தில் கிடைக்கும் சாதா சக்கர் ஒன்றரை அடி வரை வளரும். ஐந்து, ஆறு அங்குலத்தோடு நின்றுவிடும் பிரிஸ்டில்நோஸ் என்ற சின்னச் சக்கர் வகை இடத்துக்குப் பொருந்தும், ஆனால் ஆஸ்கர் முழு வளர்ச்சி அடைந்தால் அதற்கு ஆபத்துதான். என் கருத்தைக் கேட்டால், இந்தத் தொட்டியில் சக்கரே வேண்டாம். ஐந்தடி, இரண்டடி அகலத் தொட்டிக்கு மாற்றும் எண்ணம் இருந்தால் மட்டும் கீழே சொல்வதைச் செய்யுங்கள்.

செத்த குஞ்சுக்குக் கண் இல்லை என்றீர்களே, அதற்குக் காரணம் மறைவிடம் இல்லாததுதான். சக்கரின் உடம்பெல்லாம் எலும்புத் தகடு. அடிபடும் இடங்கள் கண், துடுப்பு, வயிறு மூன்றும். எனவே தலையை உள்ளே வைத்து வாலை மட்டும் வெளியே காட்டி இருக்கும்படி ஒரு குழாய் வேண்டும். ஆறு அங்குல மீனுக்கு 75 மில்லிமீட்டர் பிவிசி குழாயில் ஒரு அடித் துண்டு சரியாக இருக்கும். ஆஸ்கரின் தலை அதில் நுழையக்கூடாது. பின்பக்கத்தைக் கல்லால் அடைத்து, தண்ணீர் ஓட நாலைந்து துளை போடுங்கள். வெட்டிய விளிம்பை அரத்தால் தேய்க்காவிட்டால் வயிற்றைக் கீறிவிடும். மீன் வளர வளரக் குழாயையும் மாற்ற வேண்டும், இறுகிய குழாயில் சிக்கிச் சாகும் சக்கர்களும் உண்டு.

விடுகிற நாளில் தொட்டியின் கற்களையெல்லாம் இடம் மாற்றுங்கள். ஆஸ்கருக்குத் தன் எல்லை எது என்று குழம்பிப்போகும். வயிறு நிறையத் தீனி கொடுத்து, விளக்கை அணைத்த பிறகு சக்கரைக் குழாயோடு சேர்த்தே இறக்குங்கள். முதல் பத்து நாள் துளையுள்ள அக்ரிலிக் தட்டியால் தொட்டியைப் பிரித்து வைத்தால் இன்னும் நல்லது. சக்கரைப் பிடிக்க வலை வேண்டாம், முள் மாட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் டப்பாவில் ஒதுக்கிப் பிடியுங்கள்.

அது பாசியைத் தின்று பிழைத்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவதால்தான் பல சக்கர்கள் பட்டினியில் சாகின்றன. வளர்ந்த சக்கருக்குப் பாசியில் ஆர்வம் குறைந்துவிடும். மற்ற மீனின் கழிவையும் அது தின்பதில்லை, தானே நிறையக் கழிவு போடும். விளக்கை அணைத்து அரை மணி நேரம் கழித்து, அடியில் தங்கும் தீனியைக் குழாய் வாசலில் போடுங்கள். வாரம் இரண்டு முறை பீர்க்கங்காய் அல்லது சுரைக்காய்த் துண்டை இரண்டு நிமிடம் வேகவைத்து, ஸ்டீல் ஸ்பூனில் குத்தி இறக்கி, காலையில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். வயிறு உள்ளொடுங்கியும் கண் குழிந்தும் இருந்தால் அது பசியில் இருக்கிறது. பசித்த சக்கர், தூங்கும் ஆஸ்கரின் பக்கவாட்டில் ஒட்டி மேல்தோலின் வழுவழுப்பைச் சுரண்டித் தின்னும். ஆஸ்கரின் உடம்பில் வட்டமான புண் தெரிந்தால் அன்றே இரண்டையும் பிரித்துவிடுங்கள்.

பாசிக்கு மருந்து உங்கள் கையில்தான் இருக்கிறது. விளக்கை ஆறு மணி நேரத்துக்குக் குறையுங்கள். ஜன்னல் வெயில் நேராக விழாதபடி பின்பக்கம் கறுப்புத் தாள் ஒட்டுங்கள். ஆஸ்கர் மென்று துப்பும் தீனித் துகள்தான் பாசிக்கு உரம், அதனால் இரண்டு நிமிடத்தில் முடிக்கும் அளவு மட்டும் கொடுத்து, வாரம் இரண்டு முறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை அடியிலிருந்து உறிஞ்சி மாற்றுங்கள். மெட்ரோ தண்ணீரோ லாரித் தண்ணீரோ ஊற்றினால் குளோரினை நீக்க 100 லிட்டருக்கு 1 கிராம் சோடியம் தயோசல்பேட் கரைத்து ஊற்றுங்கள். கண்ணாடிப் பாசியைப் பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டலாம். கறுப்பு நூல் பாசியையும் வழுக்கும் நீலப்பச்சைப் படலத்தையும் எந்தச் சக்கரும் தொடாது.

ஆப்பிரிக்க சிக்லிட் தொட்டிக்குச் சக்கர் தேவையே இல்லை. மலாவி ஏரியின் பாறை மீன்களான எம்புனாக்கள் தாமே பாசி சுரண்டித் தின்பவை. சக்கருக்கென்று புரதம் மிகுந்த தீனி போட்டால் எம்புனாக்கள் அதைத் தின்று வயிறு ஊதிச் சாகும். ஏரித் தண்ணீர் கடினமானது, காரத்தன்மை கொண்டது, அதன் பிஹெச் (அமில-கார அளவு) 8 ஒட்டியது. அமேசான் பக்கத்திலிருந்து வந்த சக்கருக்காகப் போடும் மரக்கட்டை அதைக் கீழே இறக்கப் பார்க்கும். அடியில் ஒரு கெளுத்தி வேண்டும் என்றால் ஆப்பிரிக்க சைனோடான்டிஸ் பொருந்தும், ஆனால் அது பாசி தின்னும் மீன் அல்ல. முட்டையிடும் ஜோடி உள்ள தொட்டியில் எந்தச் சக்கரும் கூடாது. இருட்டில் சிக்லிட்டால் காவல் காக்க முடியாது, விடியும்போது முட்டை இருக்காது.

வளர்ந்து பெரிதான சக்கரை ரெட்டேரியிலோ புழல் ஏரியிலோ விட்டுவிடாதீர்கள். தென்னமெரிக்காவிலிருந்து வந்த இந்த மீன் தமிழ்நாட்டின் நீர்நிலைகளில் ஏற்கெனவே பரவிவிட்டது. கரையில் வளை தோண்டி முட்டையிடும், மீனவர் வலையைக் கிழிக்கும், நம் நாட்டு மீன்களின் இரையைப் பங்கு போடும். வாங்கும்போதே, பெரிதானால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். இப்போது மிச்சமிருக்கும் அந்த ஒரு குஞ்சையும் அவரிடமே கொடுத்துவிடுங்கள்.