மிஞ்சின சோறும் மீன் குழம்பும் நாய்க்குப் போதுமா?

ஒரு வயது நாய்க்கு மத்தியானச் சோறும் மீன் குழம்பும்தான் வைக்கிறோம், போதுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். சோற்றில் பிழை இல்லை, குழம்புதான் பிழை. வெங்காயமும் உள்ளியும் நாயின் சிவப்பணுக்களை உடைத்து இரத்தசோகையைக் கொண்டுவரும். வதக்கினாலும் அவித்தாலும் அந்த நஞ்சு போகாது. குழம்பு மீனைக் கழுவிப் போடுகிற எங்கட வழக்கமும் சரிவராது.

உலை வைக்கும்போதே நாலு சூடை மீனை உப்பும் தூளும் இல்லாமல் புறம்பாக அவியுங்கள். முள்ளை எடுத்து, குழைந்த சோறு, ஒரு துண்டு பூசணியோடு பிசைந்து காலையும் மாலையும் வையுங்கள். கோழி என்றால் அவித்த எலும்பு வேண்டவே வேண்டாம். கூராக உடைந்து குடலைக் குத்தும். ஆனால் முள்ளும் எலும்பும் இல்லாத சாப்பாட்டில் கல்சியம் போதாது. அதற்கு எவ்வளவு சேர்ப்பது என்று மிருக வைத்தியரிடம் நிறையைச் சொல்லிக் கேளுங்கள், அல்லது ஒரு வேளைக்குக் கடை நாய்த்தீனி கொடுங்கள்.

வளவில் முந்திரிகை (திராட்சை) பந்தல் இருக்கிறதா? விழுந்த பழத்தை உடனே பொறுக்குங்கள். திராட்சையும் அதன் வற்றலும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சொக்லேட்டும் ஆகாது.

அளவு சரியோ என்று பார்க்க விலாவைத் தடவுங்கள். எலும்பு கைக்குத் தட்டுப்பட வேணும், துருத்தக் கூடாது.