டி.சி. கேட்டு நீங்களாக எழுதிக் கொடுக்காதீர்கள்

கேள்வி: புதுவயலில் இருக்கிறோம். கணவர் சிங்கப்பூரில் வேலை. மகன் காரைக்குடியில் ஒரு தனியார் பள்ளியில் நாலாம் வகுப்பு. கேட்டால் எல்லாப் பாடமும் வாயால் சொல்கிறான். வாசிக்கச் சொன்னால் எழுத்துக்கூட்டவே திணறுகிறான். 'ஸ்பெஷல் ஸ்கூலில் சேருங்கள், டி.சி. வேண்டுமென்று எழுதிக் கொடுங்கள்' என்கிறார்கள். 'ஊர் பேசுறதுக்குள்ள வாங்கிட்டு வந்துரு' என்கிறார் மாமியார். என்ன செய்வது?

பதில்: எழுதிக் கொடுக்காதீர்கள், அம்மா. எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அவர்களாக நீக்கினால் பதில் சொல்ல வேண்டி வரும். நீங்களே கேட்டு வாங்கிப் போனதாகக் காகிதம் இருந்தால் கேட்க ஆளில்லை. 'குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்று வாசகத்தையும் அவர்களே சொல்லித் தருவார்கள். அந்த ஒரு வரியோடு பிள்ளையின் வழக்கே முடிந்துவிடும். எத்தனை தாய்மார் இப்படிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து அழுகிறார்கள்!

நீங்கள் எழுத வேண்டியது வேறு கடிதம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் உள்ள 21 வகைக் குறைபாடுகளில், வாசிக்கவும் எழுதவும் திணற வைக்கும் கற்றல் குறைபாடும் ஒன்று. அதைச் சீக்கிரமே கண்டறிந்து, அதற்கேற்பச் சொல்லிக் கொடுப்பது பள்ளியின் கடமை என்று அதன் 16-ஆம் பிரிவு சொல்கிறது. 'முதலில் சர்டிபிகேட் கொண்டு வாருங்கள்' என்று அங்கே எழுதியிருக்கவில்லை. மகனை முன்வரிசையில் உட்கார வைக்க வேண்டும், பரீட்சையில் கூடுதல் நேரம் தர வேண்டும், முடிந்த இடத்தில் வாய்மொழியாகக் கேட்க வேண்டும், வகுப்பு முன்னால் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கூனிக்குறுக விடக் கூடாது. இவற்றைத் தலைமையாசிரியர் பெயருக்கு எழுதுங்கள். நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வாய்ப்பேச்சு மட்டும் வேண்டாம். நாளைக்கு 'அப்படிச் சொல்லவே இல்லை' என்பார்கள்.

ஒன்றை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்: அது சிறுபான்மையினர் நடத்தும் பள்ளியா? நம் பக்கத்தில் அப்படிப்பட்ட பள்ளிகள் உண்டு. 2014-இல் உச்ச நீதிமன்றம் கல்வி உரிமைச் சட்டம் அவற்றுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. அதைக் காட்டி 'எங்களை எந்தச் சட்டமும் கட்டுப்படுத்தாது' என்று சிலர் மிரட்டுகிறார்கள். பொய். பொருந்தாமல் போனது 2009 சட்டம்தான். 2016 சட்டத்தின் 16-ஆம் பிரிவு, அரசு நிதி பெறும் அல்லது அங்கீகாரம் பெற்ற எல்லாக் கல்வி நிறுவனங்களையும் பற்றிப் பேசுகிறது. அங்கீகாரம் இல்லாமல் எந்தப் பள்ளியையும் நடத்தக் கூடாது. ஆகவே அப்படிப்பட்ட பள்ளி என்றால், கடிதத்தில் 2016 சட்டத்தை மட்டும் குறிப்பிடுங்கள். 2009-ஐ எழுதினால் அதைப் பிடித்துக்கொண்டு மற்றதையும் தள்ளிவிடுவார்கள்.

பள்ளி அசையவில்லையா? தனியார் பள்ளிகளுக்கென்று மாவட்டக் கல்வி அலுவலர் இருக்கிறார். அவருக்கு மனுக் கொடுங்கள். திங்கட்கிழமை சிவகங்கை ஆட்சியர் அலுவலகத்தின் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுங்கள். 'அந்த செக்ஷனுக்குப் போங்க' என்று அலைய விடுவார்கள். ஒரு தாய் கைக்காசு செலவழித்து பஸ் ஏறி வந்துதான் பிள்ளையின் உரிமையைக் கேட்க வேண்டும் என்பது எனக்கு ஆத்திரமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மனு ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள்.

கற்றல் குறைபாட்டுக்கான மருத்துவச் சான்றிதழும் பிற்பாடு தேவைப்படும். பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழித்தாளுக்கு விலக்கு போன்ற சலுகைகள் அதை வைத்துத்தான். மார்ச்சில் தேர்வு, பிப்ரவரியில் ஓடி வருகிறார்கள்; அப்போது யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் ஒன்றியத்தில் கல்வித்துறையின் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்களைப் பார்த்து, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான மருத்துவ முகாம் எப்போது என்று கேளுங்கள். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம். மகனின் நோட்டுகளையும் விடைத்தாள்களையும் கையோடு கொண்டு போங்கள். வெறுங்கையோடு போனால் 'சோம்பேறிப் பையன்' என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அந்த வாசலிலேயே புரோக்கர் நிற்பான். 'குறைபாடு நாற்பது பர்சென்ட்னு போட்டு சர்டிபிகேட் வாங்கித் தர்றேன்க்கா, ஐயாயிரம் ஆகும்' என்பான். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க அரசுக்கு ஒரு பைசா கட்ட வேண்டாம். சதவீதத்தைப் பரிசோதித்த மருத்துவர்கள்தான் போடுவார்கள், இவனால் முடியாது. போலிச் சான்றிதழ் என்றால் மாட்டுவது நீங்கள்தான். ஆதார் நகலைக்கூட அவன் கையில் கொடுக்காதீர்கள்.

மாமியாரிடம் சொல்லுங்கள்: வாயால் எல்லாப் பாடமும் சொல்கிற பிள்ளைக்கு அறிவு குறையவில்லை. வாசிக்கும் வழிதான் அவனுக்கு வேறு. கடிதத்தை இந்த வாரமே எழுதிவிடுங்கள்.